முதலிடத்தில் ஆப்சென்ட்

போன வாரம் காயத்ரி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பின் என் இயற்பியல் வகுப்புகளை எடுத்துக்கொண்டவள் அவள். "மேடம், இப்ப ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்கு. பாடத்தோட பேரைச் சொன்னா போதும், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வகுப்புல ஆடற கேமுக்கு வேண்டிய கேள்வியெல்லாம் நாலு நாலு விடையோட வந்து விழுந்துடுது. நீங்கல்லாம் இதுக்கு நாள்கணக்குல உக்காருவீங்களாமே, பாவம்" என்றாள்.

அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. "சரியான விடையை அது எழுதட்டும். தப்பு விடையை யார்கிட்டேர்ந்து எடுக்குது?" என்று கேட்டேன். "அதையும் அதுவே எழுதிக்குது மேடம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்த பிறகும் சமையலறையில் நின்றுகொண்டு அவளோடு வாய்க்குள்ளேயே சண்டை போட்டேன். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

நான் வேலை பார்த்தது செங்கல்பட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் எம்.எஸ்சி. முடித்தது, வேலைக்கு அலைந்தது, கைக்குழந்தையோடு முனைவர் பட்டத்துக்குப் படித்தது எல்லாம் என் தலைமுறையில் வீட்டுக்கு வீடு இருக்கிற கதை. அதை விட்டுவிடுகிறேன். சொல்ல வேண்டியது என் வேலையின் கடைசிச் சில வருடங்களைப் பற்றி. அதற்கு முதலில் வேதாசலம் சாரைச் சொல்லியாக வேண்டும்.

அவர் எங்கள் துறைத் தலைவர். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் மேசை மேல் இருக்கும் காகிதங்களைத் தட்டி விளிம்பு சேர்ப்பார், அவ்வளவுதான். அதைப் பார்த்தாலே நாங்கள் அறையை விட்டு நழுவிவிடுவோம். எங்கே போனாலும் கையில் ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க். யார் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதலில் வாய்விட்டுப் படிப்பார், பிறகு "இதுக்கு நடைமுறை என்ன?" என்பார். நாங்கள் அவருக்கு நடைமுறை சார் என்றே பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும்.

ஊரடங்கு முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்தபோது, எல்லார் கையிலும் இல்லாவிட்டாலும் பெஞ்சுக்கு ஒரு போனாவது வந்திருந்தது. வாய் மட்டும் போயிருந்தது. கேள்வி கேட்டால் முன் பெஞ்சில் இரண்டு பேர் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் மேசையைப் பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சியில் இந்த ஆன்லைன் விளையாட்டைக் காட்டினார்கள். ஆசிரியரின் திரையில் ஓர் எண் வரும். அதைப் போனில் போட்டு, பிடித்த பெயரை வைத்துக்கொண்டு உள்ளே வரலாம். கேள்வி வரும், நாலு வண்ணக் கட்டத்தில் நாலு விடை வரும், அமுக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் யார் முதல், யார் அடுத்தது என்று பெயர்கள் ஏறி இறங்கும். பின்னால் ராட்டினத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு மியூசிக்.

முதல் நாள் அந்த மியூசிக்கைக் கேட்டுத்தான் சார் அறையை விட்டு வெளியே வந்தார். "என்ன எஸ்தர்ம்மா, பக்கத்துல கல்யாணமா?" என்றார். விளக்கினேன். "கேம்" என்று அந்தச் சொல்லை இரண்டு விரலால் தூக்கிப் பிடிப்பதுபோலச் சொன்னார். "விளையாட்டுக்குத்தான் தனியா ஒரு ஆசிரியர் இருக்காரே. நம்ம வேலை பாடம்." ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. கேள்விகளைக் காகிதத்தில் எடுத்து வரச் சொன்னார்.

அன்று மாலை அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ஒரு கேள்வியில் நிறுத்தி, "இந்த மூணாவது விடை யாரோடது?" என்றார்.

"யாரோடதும் இல்ல சார். நானா ஒண்ணு போட்டேன்."

"அப்ப எடுத்துடுங்க. யாருமே பண்ணாத தப்பைப் போட்டு யாருக்கு என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு தப்புக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கணும்."

அதுதான் எங்கள் நடைமுறை ஆயிற்று. தேர்வுத்தாள் திருத்தும்போது, லேபில் வாய்மொழித் தேர்வு நடக்கும்போது, பிள்ளைகள் சொல்கிற தப்புகளைப் பொறுக்கி எடுப்பேன். சோம்பேறித்தனமான தப்பு வேண்டாம். யோசித்துப் பண்ணின தப்பு வேண்டும். அதை அந்தப் பிள்ளை சொன்ன சொல்லிலேயே எழுதி விடையாக வைப்பேன். நேரத்தையும் நாங்களே அளந்தோம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளியில் தமிழ் வழி. கேள்வி இங்கிலீஷில் இருந்தால் ஒருமுறை படிக்கவும், மறுமுறை புரியவும் நேரம் வேண்டும். சார் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரத்தை இரட்டிப்பாக்குவார். முதலில் அமுக்குகிறவருக்குக் கூடுதல் புள்ளி என்ற ஏற்பாட்டை நிறுத்தச் சொன்னார். "அது கட்டை விரலுக்கு மார்க் போடற மாதிரி" என்றார். புரொஜெக்டர் மங்கல் என்பதால் கேள்வி போனிலும் தெரிகிற மாதிரி நான் மாற்றி வைத்தேன். மியூசிக்கை மட்டும் விட்டுத்தர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் முடிவு வரும்போது மட்டும் போடலாம் என்று பேரம் படிந்தது.

பட்டப்பெயர் வைப்பதைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை. மீன்குழம்பு, பல்லவன் பஸ், அரியர் அரசன் என்றெல்லாம் திரையில் வரும். ஆனால் அதனால்தான் வாய் திறந்தது. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் நிறுத்தி, "ரெண்டாவது விடைக்கு யாராவது வக்கீலா எழுந்திருங்க" என்பேன். யாராவது எழுந்து, 'அப்படிப் போட்டவர் ஒருவேளை இப்படி நினைத்திருப்பார்' என்று வாதாடுவார்கள். முக்கால்வாசி நேரம் போட்டவரேதான் வக்கீல். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தங்கள் தப்புக்காகச் சண்டை போடுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கும். சில நாள் சரியான விடையைச் சொல்லவே மனசு வராது.

அந்த வகுப்பில் சுகன்யா என்று ஒரு பெண். சதுரங்கப்பட்டினத்திலிருந்து வருவாள். அப்பா படகுக்குப் போகிறவர், அம்மா புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். இரண்டாம் வருடம் லேபில் சார் அவளிடம், "மூடின பெட்டிக்குள்ள இருக்கிற காத்தைச் சீக்கிரம் குளிர வைக்கணும். ஐஸை எங்க வைப்பே?" என்று கேட்டார். மேலே என்பதுதான் விடை. குளிர்ந்த காற்று கனம் கூடிக் கீழே இறங்கும், சூடான காற்று மேலே வரும்.

சுகன்யா யோசிக்கவே இல்லை. "அடுக்கடுக்கா வைப்பேன் சார். ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன்."

"மீன் எங்கேர்ந்து வந்துச்சு?"

"பொட்டின்னா மீன் இல்லாமயா சார்?"

லேபே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "கேள்வியில மீன் இல்லம்மா" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தார். மாலையில் என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு சொன்ன தப்பை எழுதிக்கிட்டீங்களா? நல்ல தப்பு" என்றார். நாலாவது விடையாக அதை வைத்தேன். சொன்ன சொல்லிலேயே: அடுக்கடுக்காக.

அந்த டிசம்பரில் சுகன்யா நின்றுவிட்டாள். அப்பா படகில் விழுந்து இடுப்பு உடைந்து படுத்துவிட்டார். இவள் சிறுசேரியில் ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற கட்டடத்தில், சாப்பாட்டுக் கூடத்தில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டாள். நான் போன் செய்தபோது, "படிப்பு புடிக்கல மேடம்" என்றாள். அப்பா விழுந்ததால் என்று சொல்லியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். படிப்பு பிடிக்கவில்லை என்றதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரிம்மா, உன் இஷ்டம் என்று வைத்துவிட்டேன்.

மறு வருடம் அதே வகுப்பு மூன்றாம் ஆண்டுக்கு வந்தது. கேமில் ஒரு புதுப் பெயர் தலைகாட்டியது. ஆப்சென்ட். மற்றவர்கள் வாரம் ஒரு பெயர் வைப்பார்கள், இந்தப் பெயர் மட்டும் மாறவே மாறாது. ஒன்று முதலிடம், இல்லாவிட்டால் இரண்டாமிடம். "யாருப்பா அது ஆப்சென்ட்?" என்று கேட்டால் சிரிப்பார்கள், ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். கூச்ச சுபாவம் போல என்று விட்டுவிட்டேன். யாராக இருந்தாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று உள்ளூர சந்தோஷம்தான்.

நவம்பரில் ஒருநாள் சார் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முடிவில் மியூசிக்கோடு ஆப்சென்ட் மேலே ஏறி நின்றது. சார் எழுந்து, "ஆப்சென்ட் எழுந்திருங்க" என்றார். யாரும் எழவில்லை. அங்கிருந்த போன்களை மேசை மேல் வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எந்தப் போனிலும் அந்தப் பெயர் இல்லை.

அறைக்குப் போனதும் காகிதங்களை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். "வெளியில யாரோ உக்காந்து ஆடறாங்க எஸ்தர்ம்மா. ட்யூஷன் எடுக்கறவனா இருக்கலாம், இங்க இருக்கறவங்களுக்கு விடை சொல்லிக்குடுக்கறவனா இருக்கலாம். நம்ம வகுப்பு எண்ணை வெளியில அனுப்பினது யாரு? இந்த வாரத்துக்குள்ள தெரியணும். தெரியலன்னா கேம் கிடையாது. அனுப்பினவங்க அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரணும்."

இதை வகுப்பில் சொன்னேன். பின் பெஞ்சில் பர்வீனின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். புதுப்பட்டினத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவரின் மகள். சுகன்யாவோடு ஒரே பஸ்ஸில் வந்து போனவள். அப்போதும் என் புத்திக்கு எட்டவில்லை.

அந்த வாரக் கடைசி கேமில், பழைய பாடத்தைக் கொஞ்சம் கிளறலாம் என்று ஐஸ் கேள்வியைப் போட்டேன். வகுப்பு மொத்தமும் மேலே என்று அமுக்கியிருந்தது. அடுக்கடுக்காக என்ற நாலாவது விடைக்கு மட்டும் ஒரே ஒரு ஓட்டு. அதைப் போட்டது ஆப்சென்ட். அன்று அதுவரை ஒரு கேள்விகூட விடாத ஆப்சென்ட், அங்கே சறுக்கிக் கீழே போய்விட்டது.

அந்தத் தப்பின் சொந்தக்காரி யார் என்று எனக்குத் தெரியும். வக்கீல் யாராவது உண்டா என்று கேட்காமலே அடுத்த கேள்விக்குப் போனேன். வகுப்பு முடிந்ததும் பர்வீனை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். நான் கேட்கும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். "நான்தான் மேடம் நம்பர் அனுப்பினேன். சுகன்யாவே கேட்டா. டீ டைம்ல பத்து நிமிஷம் கிடைக்குதாம். நோட்ஸும் அனுப்புவேன், வேன்ல போகும்போது படிப்பா. வேற எதுவும் தப்பு பண்ணல மேடம்."

அன்று மத்தியானமே சுகன்யாவுக்குப் போன் செய்தேன். பின்னால் தட்டு மோதுகிற சத்தம், யாரோ டோக்கன் எண் கூப்பிடுகிற சத்தம்.

"இன்னுமா அந்த ஐஸை விடல நீ?" என்றேன்.

டோக்கன் கூப்பிடுகிற சத்தத்திலிருந்து தள்ளிப் போனாள். பிறகு, "கரெக்ட் ஆன்சர் தெரியும் மேடம்" என்றாள். "பர்வீனை மாட்டி வுட்டுடக் கூடாதுன்னு நானே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்பத்தான் அந்தக் கேள்வி வந்துச்சு. நான் போய் இவ்ளோ நாள் ஆயும் என்னோட தப்பை நீங்க எடுக்கவே இல்லையே மேடம். அத்தப் பாத்ததும் கை தானா போயிடுச்சு."

நான் அழுதேன். வராந்தாவில் நின்று, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

"திரும்ப வர்றியா?" என்று கேட்டதற்கு மட்டும் முடியாது என்றாள். "அம்மாவால தனியா முடியாது மேடம். எனக்குப் படிப்பு புடிக்கலன்னுதான் அம்மா நெனச்சிகினு கீது. அப்படியே இருக்கட்டும்." நான் சரி என்று சொல்லவில்லை. அதை மட்டும் ஜாக்கிரதையாகச் சொல்லாமல் போனை வைத்தேன்.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதங்களை எடுத்தார். தட்டவில்லை, கீழே வைத்துவிட்டார். விதிப் புத்தகத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தார். இடையில் நின்றவர், நின்ற செமஸ்டரிலிருந்து திரும்பச் சேரலாம். ஆனால் அந்தச் செமஸ்டர் தொடங்கும்போது சேர வேண்டும். இவளுடையது டிசம்பரில் தொடங்குகிறது. இந்த முறை விட்டால் கல்லூரிப் பதிவிலிருந்து பெயர் போய்விடும், மறுபடி முதல் வருடத்திலிருந்துதான். விண்ணப்பம் வாங்கத் திங்கட்கிழமை கடைசி.

"அவங்க அம்மாகிட்ட போன்ல பேசட்டுமா சார்?"

"போன்ல இல்லன்னு சொல்றது சுலபம்" என்றார். "நாளைக்குக் காலையில போலாம்."

சனிக்கிழமை காலை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் அணுமின் நிலையக் குடியிருப்பு ஆட்கள் பையோடு நெரிந்துகொண்டிருந்தார்கள். வேதாசலம் சார் பிறந்ததிலிருந்து மீன் சாப்பிடாதவர். பேண்ட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஃபிளாஸ்க்கோடு, ஈரத்தில் ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அந்த மனிதர் மேல் அவ்வளவு பிரியமும் வந்தது.

சுகன்யாவின் அம்மா தேவகி சங்கரா மீனை வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது.

"இன்னா மேடம், இவ நின்னு ஒரு வருசம் ஆவப் போவுது. இப்ப இன்னா?"

"சுகன்யா எங்க கேம்ல கலந்துக்கறாம்மா. அதைப் பத்திப் பேசத்தான்..." என்று ஆரம்பித்தேன். தப்பான இடத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் திரும்பினார். "எப்பப் பாரு போன்ல கேம். வேலையில திட்டுவாங்கடீன்னு தலையால அடிச்சிகினேன். இப்ப காலேஜ்லேர்ந்து கம்ப்ளெய்ன்ட்டோட வந்துட்டாங்க. மன்னிச்சிக்கோ சார். வூட்டுக்கு வரட்டும், போனைப் புடுங்கி கடல்ல போட்டுடறேன்."

நான் பதறிப்போய் வாய் திறப்பதற்குள் சார் ஒரு அடி முன்னால் வந்தார். பேண்ட்டைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

"அது விளையாட்டு இல்லம்மா" என்றார். "பாடம்."

தேவகி அவரையே பார்த்தார்.

"நாங்க வகுப்புல நடத்தற பாடம்தான் அந்தக் கேம். உங்க பொண்ணு வேலை செய்யற இடத்துல டீ குடிக்கற நேரத்துல அதை ஆடுது. ஆடணும்னா அந்த வாரத்துப் பாடத்தை முழுசா படிச்சிருக்கணும். வேன்ல படிக்குதாம். தெனம் வகுப்புல உக்காந்து கேக்கற பிள்ளைங்களை விட நல்லாப் போடுது."

கத்தி மீன் மேலேயே நின்றது. வாங்க வந்தவர் ஒருவர் விலை கேட்டார், தேவகி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"படிப்பு புடிக்கலன்னு சொன்னாளே சார்" என்றார். "நான் எவ்ளோ கேட்டேன். அவங்க அப்பா படுத்துகினே கேட்டாரு. புடிக்கல, தலை நோவுது, வேலைக்குத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. சரி, புடிக்காததை இன்னாத்துக்குத் திணிக்கறதுன்னு வுட்டேன். அப்ப ஒரு வருசமா படிச்சிகினுதான் இருந்தாளா?"

"ஆமாம்மா" என்றேன் நான்.

"இப்ப அவங்க அப்பா எழுந்துட்டாரு. வலை கட்டற வேலைக்குப் போறாரு. நாங்க ரெண்டு பேரும் சமாளிச்சிப்போம். அத்தக்கூட அவகிட்ட சொன்னேன். புடிக்கலன்னேதான் சொல்லிகினு கீறா."

சார் நடைமுறையைச் சொன்னார். கல்லூரியில் காலை ஷிஃப்ட் மத்தியானத்தோடு முடிந்துவிடும். சனி ஞாயிறு வேண்டுமானால் வேலைக்குப் போகலாம். திங்கட்கிழமை அப்பாவோ அம்மாவோ ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தேவகி காதில் வாங்கினாரா என்றே எனக்குத் தெரியவில்லை. சார் முடித்ததும் கேட்டார்:

"அந்தக் கேம்ல என் பொண்ணு எத்தினியாவது சார்?"

"வழக்கமா முதல், இல்லன்னா ரெண்டாவது. போன தடவை மட்டும் கீழ போயிட்டா. ஒரு கேள்விக்கு வேணும்னே தப்பா போட்டுட்டா."

"வேணும்னே எவளாவது தப்பா போடுவாளா? இன்னாத்துக்கு?"

சார் என்னைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்.

"வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்கம்மா. அவதான்னு எங்களுக்குத் தெரியணும்னு போட்டா. நாங்க தேடி வந்துட்டோம்."

தேவகி கத்தியை வைத்தார். வாளித் தண்ணீரில் கையைக் கழுவி, புடவையில் துடைத்து, இடுப்பிலிருந்து போனை எடுத்து அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தாள் போலிருக்கிறது.

"ஏய், நான்தான். ஒண்ணும் ஆவல, அப்பா நல்லாத்தான் கீது. உங்க சாரும் மேடமும் என் கடையில வந்து நிக்கறாங்க." அந்தப் பக்கம் ஏதோ வேகமாகச் சொன்னாள். தேவகி குறுக்கே வெட்டினார். "வாயை மூடு. புடிக்கலன்னு இன்னொரு தபா சொன்னே, பல்லைப் பேத்துடுவேன். திங்கக்கிழமை வேலைக்கு வர மாட்டேன்னு அங்க சொல்லிடு. காலேஜுக்குப் போவணும், நானும் கூட வரேன்."

தேவகி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கேட்டுக்கொண்டே நின்றார். சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அழுவாதடி" என்றார் தேவகி மெதுவாக. "பில்லு போட ஜனங்க நிப்பாங்க. மூஞ்சைத் தொடச்சிகினு போடு."